கசிவை மறைத்த இயந்திரங்கள்

ஹைட்ராலிக் இயந்திரங்களில் தேய்மானத்தை அளந்த கதை வழக்கமாக ஒரு முன்னேற்றக் கதையாகவே சொல்லப்படுகிறது. தொடக்கத்தில், ஒழுகும் தண்ணீரைப் பார்த்துக் குத்துமதிப்பாக முடிவுசெய்த தொழிலாளி. பிறகு மில்லிகிராம் தராசு. அதன்பின் எண்ணெயை எரித்து அதிலுள்ள உலோகத்தை இனங்காணும் நிறமாலைமானி. கடைசியில், ஒளிக்கற்றையின் குறுக்கே ஓடும் தூசியை எண்ணிச் சொல்லும் கருவி. பின்னால் வந்தது முன்னால் இருந்ததைவிடத் துல்லியமானது, ஆகவே மேலானது என்று கதை போகும். ஆதாரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஹைட்ராலிக் பாகத்தைப் பொறுத்தவரை தேய்மானம் கடைசியில் கசிவாகத்தான் கணக்குக்கு வருகிறது. பம்புக்குள் எத்தனை மில்லிகிராம் எஃகு போயிற்று என்பது அதை இயக்குபவருக்குப் பொருட்டே அல்ல. அழுத்தம் ஏற்றப்பட்ட திரவத்தில் எவ்வளவு வேலை செய்யாமலே நழுவித் தொட்டிக்குத் திரும்புகிறது என்பதே அவர் கேள்வி. அந்தக் கேள்விக்குக் கசிவுதான் நேரான விடை. பிறகு எதற்கு இத்தனை புதிய அளவைகள்? வடிவமைப்பாளர்கள் கசிவை மறைக்கக் கற்றுக்கொண்டார்கள் என்பதே என் வாதம். இயந்திரம் தன் தேய்மானத்தைப் புதிய ஓர் இடத்தில் ஒளித்துவைத்தபோதெல்லாம் அதைத் தேடிப்போக ஒரு புதிய அளவை தேவைப்பட்டது.

முதல் மறைப்பு ஹைட்ராலிக்ஸ் பிறந்த பட்டறையிலேயே நடந்துவிட்டது. பூட்டுகளுக்குப் பேர்போன லண்டன்காரர் ஜோசப் பிராமா 1795-இல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை பெற்றார். சிறிய பிஸ்டனை அழுத்திப் பெரிய பிஸ்டனில் பல மடங்கு விசையைப் பெறலாம் என்பது பாஸ்கல் காலத்திலிருந்தே தெரிந்த சங்கதி. தெரியாதது, அந்தப் பெரிய பிஸ்டனைச் சுற்றித் தண்ணீர் பீறிட்டு வெளியேறாமல் தடுக்கும் வழி. அடைப்பை இறுக்கினால் கசிவு நிற்கும், ஆனால் அழுத்தத்தை நீக்கிய பிறகும் பிஸ்டன் இறங்காமல் மாட்டிக்கொள்ளும். தளர்த்தினால் பிஸ்டன் இறங்கும், தண்ணீரும் கூடவே போகும். விடை ஒரு தோல் வளையத்தில் கிடைத்தது. குறுக்குவெட்டில் கவிழ்த்த ‘ப’ போல மடிக்கப்பட்ட அந்த வளையத்துக்குள் அழுத்த நீர் புகுந்து, தோலின் உதட்டைப் பிஸ்டனோடு சேர்த்துத் தள்ளும். அழுத்தம் ஏற ஏற இறுக்கம் ஏறும். அழுத்தம் போனதும் பிடி விட்டுவிடும். பிராமாவிடம் அப்போது வேலைபார்த்த ஹென்றி மாட்ஸ்லேதான் இதைச் செய்தவர் என்று, பின்னாளில் மாட்ஸ்லேயிடம் பணியாற்றிய ஜேம்ஸ் நாஸ்மித் பதிவுசெய்திருக்கிறார். பொறியியல் நூல்கள் இந்தத் தோலைக் கசிவை வென்ற கண்டுபிடிப்பாகப் போற்றுகின்றன, அது சரியே. அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தோல் தேய்ந்து மெலிய மெலிய, நீரின் அழுத்தமே அதை மேலும் தள்ளி அந்தக் குறையை நிரப்பிவிடுகிறது. தேய்மானம் நடந்துகொண்டேயிருக்கும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. தெரியும் நாள், தோல் கிழியும் நாளாகவே பெரும்பாலும் இருக்கும்.

இருந்தாலும் தண்ணீர் ஆண்ட காலத்தில் இந்த மறைப்பு பெரிய சிக்கலாகவில்லை. 1846-இல் நியூகாசில் துறைமுகத்தில் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் நிறுவிய ஹைட்ராலிக் கிரேனிலிருந்து 1894-இல் திறக்கப்பட்ட டவர் பிரிட்ஜ் வரை, இயந்திரங்கள் பெரியவை, மெதுவானவை, எங்கே ஒழுகினாலும் கண்ணில் படுபவை. லண்டன் ஹைட்ராலிக் பவர் கம்பெனி உச்சக் காலத்தில் ஏறத்தாழ 290 கிலோமீட்டர் நீளக் குழாய்களில், சதுர அங்குலத்துக்கு 700, 800 பவுண்டு அழுத்தத்தில், தேம்ஸ் நீரை விடுதி லிஃப்டுகளுக்கும் கிடங்குக் கிரேன்களுக்கும் நாடக அரங்குகளின் சுழல்மேடைகளுக்கும் அனுப்பியது. நீரின் கன அளவுக்கே மீட்டர் வைத்துக் கட்டணம். தேய்ந்த அடைப்பு வளையத்தை (சீல்) மாற்றாமல் விட்டவருக்கு அது பில்லில் தெரிந்துவிடும். தேய்மானத்துக்குத் தனியாக ஓர் அளவை வேண்டும் என்ற எண்ணமே எழாததற்கு இதுவே காரணமாக இருந்திருக்க வேண்டும்: ஒழுகுவதன் அளவும் விலையும் ஒரே மீட்டரில் கிடைத்துக்கொண்டிருந்தன. அந்தக் கம்பெனி 1977 வரை ஓடியது என்பது, எண்ணெய் வந்ததும் தண்ணீர் உடனே ஓய்ந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு வியப்பாக இருக்கலாம்.

எண்ணெய் வந்தது போர்க்கப்பல் வழியாக. ரெனால்ட் ஜானி உருவாக்கிய பிஸ்டன் வகை ஹைட்ராலிக் இயக்கம் 1906-இல் அமெரிக்கக் கடற்படையின் ‘வர்ஜீனியா’ கப்பலில் பீரங்கிகளை அசைக்கப் பொருத்தப்பட்டது. தண்ணீரின் இடத்தில் எண்ணெய். இந்த மாற்றம் தேய்மானத்தின் கணக்கையே தலைகீழாக்கியது. எண்ணெய்ப் பம்பில் பிஸ்டனுக்கும் துளைக்கும் நடுவே தோலும் இல்லை, ரப்பரும் இல்லை. உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையே விடப்பட்ட மிகக் குறுகிய இடைவெளியே சீல். பட்டறைகளில் இதைக் கிளியரன்ஸ் என்பார்கள். பிஸ்டன் பம்புகளில் இது சுமார் 5 முதல் 40 மைக்ரான் வரை. எண்ணெயின் போக்கை நுணுக்கமாகக் கட்டுப்படுத்தும் சர்வோ வால்வில், முன்னும் பின்னும் நகரும் உருளையான ஸ்பூலைச் சுற்றி 1 முதல் 4 மைக்ரான்தான். (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) இந்த இடைவெளி வழியாக எண்ணெய் எப்போதும் சிறிது கசியும், கசியவும் வேண்டும், அதுவே மசகு. ஆனால் கசிவது கவசத்துக்கு உள்ளேதான். வெளியே தரையில் ஒரு துளியும் விழாமல், பம்பின் உள்ளிருந்து தொட்டிக்கே திரும்பிவிடும். கண்ணால் பார்த்துச் சொல்லும் வழி அத்தோடு அடைபட்டது.

இங்கே இயற்பியல் ஓர் உதவி செய்தது. குறுகிய பிளவு வழியாகப் பாயும் திரவத்தின் அளவு, பிளவின் அகலத்தினுடைய மூன்றாம் மடியைப் பொறுத்தது. (குழாய்க்கு அது விட்டத்தின் நான்காம் மடி. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த விதியைச் சோதனையால் நிறுவிய இருவரில் ஒருவரான பொய்சொய் ஒரு மருத்துவர். இரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்ளவே குழாய்களோடு மல்லாடினார்.) 10 மைக்ரான் இடைவெளி 11 ஆனால் கசிவு 33 சதவீதம் கூடும், 12 ஆனால் 73 சதவீதம், 20 ஆனால் எட்டு மடங்கு. ஒரு துளையின் விட்டத்தில் ஒரு மைக்ரான் மாற்றத்தைக் கருவி வைத்து அளப்பது பட்டறையில் பெரும்பாடு. அதே மாற்றம் உண்டாக்கும் கசிவைப் பிடிக்க ஓர் அளவுக்குவளையும் கடிகாரமும் போதும். துல்லிய அளவியலே இந்த உண்மையைக் கடன்வாங்கியது. 1920-களின் பிற்பகுதியில் பிரான்சில் கார்புரேட்டர் தயாரித்த சோலெக்ஸ் நிறுவனம், துளைகளின் அளவைக் கண்டுபிடிக்க அவற்றுக்குள் காற்றைச் செலுத்தி, அது நழுவும் அளவால் ஏற்படும் அழுத்த மாற்றத்தைப் படிக்கும் கருவியைக் கொண்டுவந்தது. சர்வோ வால்வு செய்பவர்களும் ஸ்பூலின் விளிம்பைக் கடைசி மைக்ரானுக்குச் சாணைபிடிக்கும்போது திரவத்தை ஓடவிட்டே அளவு சரிபார்க்கிறார்கள். ஆகவே கசிவு கரடுமுரடான பழைய அளவை என்ற பேச்சு எனக்கு ஒப்பவில்லை. இருந்த அளவைகளில் இதுவே உருப்பெருக்கம் மிகுந்தது. அதை விட்டு விலகிப்போக வேண்டியிருந்தது, இயந்திரம் அதைக் காட்ட மறுத்த இடங்களில்தான்.

அப்படி மறுத்தவற்றில் முதன்மையானது வேன் பம்ப். ஹாரி விக்கர்ஸ் 1920-களில் அமெரிக்காவில் சமநிலைப்படுத்திய வேன் பம்பை உருவாக்கினார். சுழலும் ரோட்டரின் பிளவுகளில் தளர்வாக நிற்கும் தகடுகள் (வேன்கள்) வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, முட்டை வடிவக் கேம் ரிங்கின் உட்சுவரை வழித்துக்கொண்டு ஓடும். தகட்டின் முனை தேய்ந்தால் தகடு அந்த அளவுக்கு வெளியே நகரும். ரிங் தேய்ந்தாலும் அப்படியே. மாட்ஸ்லேயின் தோல் செய்த வேலையை இங்கே எஃகுத் தகடு செய்கிறது. பம்ப் நெடுநாள் புதியதைப் போலவே எண்ணெய் தள்ளும் என்பது விற்பவருக்கு நல்ல செய்தி. தேய்மானத்தை அறிய விரும்பியவருக்கோ கசிவு வாய்திறக்காது. எனவே பம்பைக் கழற்றித் தராசில் வைத்தார்கள். அமெரிக்கச் சோதனை நெறியான ஏஎஸ்டிஎம் டி2882, விக்கர்ஸ் பம்பை 2000 பவுண்டு அழுத்தத்தில் 100 மணி நேரம் ஓட்டிவிட்டு, ரிங்கும் வேன்களும் எத்தனை மில்லிகிராம் இழந்தன என்று பார்த்தது. ஜெர்மன் நெறியில் 140 பார் அழுத்தம், 250 மணி நேரம்; தேய்மானத் தடுப்பு எண்ணெய்களுக்கான டிஐஎன் 51524 தரம், ரிங்குக்கு 120 மில்லிகிராமும் வேன்களுக்கு 30 மில்லிகிராமும் உச்சவரம்பாக வைத்தது. 120 மில்லிகிராம் எஃகு ஏறத்தாழ 15 கன மில்லிமீட்டர்தான். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சோதனைக்குட்பட்டது பம்ப் அல்ல, அதில் ஓடிய எண்ணெய். துத்தநாகச் சேர்மம் கலந்த எண்ணெய் எஃகைக் காப்பாற்றுகிறதா என்பதே கேள்வி. தேயும் இயந்திரமே அளவுகோலாக மாறியிருந்தது. அந்த அளவுகோலும் அவ்வளவு நிலையானதல்ல. ஆய்வகத்துக்கு ஆய்வகம் முடிவு வேறுபட்டது, நடுவழியில் ரோட்டர் உடைவதும் உண்டு; டி2882 நெறி 2003-இல் விலக்கிக்கொள்ளப்பட்டு, பின்னர் திருத்திய வடிவம் ஒன்று அதன் இடத்துக்கு வந்தது.

இழந்த உலோகத்தின் எடைதானே உண்மையான தேய்மானம், கசிவு அதன் பின்விளைவு மட்டும்தானே என்று இங்கே ஒருவர் கேட்கலாம். தேய்மான ஆய்வுத்துறையின் பொதுமொழி அவர் பக்கம்தான். 1953-இல் ஆர்ச்சர்ட் வகுத்த புகழ்பெற்ற விதி, இழக்கப்படும் கன அளவைச் சுமையோடும் வழுக்கிய தூரத்தோடும் உலோகத்தின் கடினத்தோடும் பிணைக்கிறது. கசிவு என்ற சொல்லே அதில் இல்லை. உராயும் எந்த இரு பரப்புக்கும் பொருந்த வேண்டிய விதி அப்படித்தான் இருக்க முடியும். ஹைட்ராலிக்ஸில் எங்கே இழந்தது என்பது எவ்வளவு இழந்தது என்பதைவிடப் பெரிய கேள்வி. சர்வோ வால்வு ஸ்பூலின் கூர்விளிம்பு சில மைக்ரான் மழுங்கினால் தராசின் முள் அசையாது. வால்வோ நடுநிலையில் நிற்கும்போதே எண்ணெயை வாரி இறைக்கும். கேம் ரிங் சீராக 100 மில்லிகிராம் இழந்துவிட்டு அடுத்த நாளும் வேலைக்கு வரும். எடை என்ற அளவை, கசிவை மறைக்கும் வேன் பம்புக்குப் பொருந்தியதே தவிர, கசிவைக் காட்டும் வால்வுக்குப் பொருந்தவில்லை. கழற்றாமலே உலோக இழப்பை நேராக அறியும் வழியும் இருந்தது. பாகத்தைக் கதிரியக்கமூட்டி, எண்ணெயில் கலக்கும் கதிர்வீச்சை எண்ணும் அந்த முறை 1940-களின் இறுதியிலேயே எஞ்சின் பிஸ்டன் ரிங்குகளில் முயலப்பட்டது. அது ஆய்வகத்துக்கு வெளியே வேரூன்றவில்லை. ஏன் என்று விளக்கத் தேவையில்லை.

பிஸ்டன் பம்புகளும் பின்னாளில் மறைக்கக் கற்றன. அழுத்தத்துக்கேற்பத் தன் வீச்சைத் தானே மாற்றிக்கொள்ளும் பம்பில், உட்கசிவால் அழுத்தம் சற்றே இறங்கினால் உள்ளிருக்கும் சாய்தட்டு இன்னும் கொஞ்சம் சாய்ந்து, குறைந்த எண்ணெயை ஈடுகட்டிவிடும். எக்ஸ்கவேட்டரை ஓட்டுபவருக்குக் கையில் எந்த வேறுபாடும் தெரியாது, தட்டு அதன் எல்லைவரை சாய்ந்து தீரும் நாள் வரை. அதனால் மெக்கானிக்குகள் பம்பின் கேஸ் டிரெய்ன் குழாயில் மீட்டர் மாட்டினார்கள். பம்பின் கூட்டுக்குள் கசிந்து சேர்வது அந்தக் குழாய் வழியாகத்தானே திரும்ப வேண்டும்! மறைந்த கசிவை மறைவிடத்துக்கே போய்ப் பிடிக்கும் இந்த உத்தி எளியது, ஆனால் ஏமாற்றக்கூடியது. பாகுநிலை எண் 46 உள்ள எண்ணெய் 40 டிகிரியில் இருப்பதைவிட 70 டிகிரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாகுநிலைக்கு இறங்கிவிடும், கசிவு மும்மடங்காகும். காலையில் நல்ல பம்ப், மதியம் தேய்ந்த பம்ப். கட்டுப்பாட்டு வால்வு விடும் எண்ணெயும் அதே குழாயில் சேரும். கசிவை நம்பக்கூடாது என்பவர்களின் வலுவான வாதம் இதுதான். வெப்பத்தையும் அழுத்தத்தையும் குறித்துவைத்து, அந்தப் பம்பை அதனோடே மாதாமாதம் ஒப்பிட்டால் இந்த வாதம் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. மிஞ்சும் குறை ஒன்றுதான், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: தேய்ந்தது எது, ஏன் என்று கசிவு சொல்லாது.

அந்த ‘எது’வுக்கான விடை ஹைட்ராலிக்ஸுக்கு வெளியிலிருந்து வந்தது. 1940-களில் அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் வெஸ்டர்ன் ரயில்வே தன் டீசல் எஞ்சின்களின் எண்ணெயை நிறமாலைமானியில் வைத்து, எந்த உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்கத் தொடங்கியது. 1950-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை விமான எஞ்சின்களுக்காக அதே வழியைப் பென்சகோலாவில் எடுத்துக்கொண்டது. அங்கிருந்து அது ஹைட்ராலிக் எண்ணெய்க்கும் வந்தது. செம்பு ஏறினால், சாய்தட்டின் மேல் வழுக்கும் பிஸ்டனின் வெண்கலக் காலணி (ஸ்லிப்பர்) தேய்கிறது. இரும்பு ஏறினால் எஃகுப் பாகம். சிலிக்கான் ஏறினால் வெளித்தூசி உள்ளே வந்துவிட்டது. படிக்கச் சுகமான மொழிதான். ஆனால் இந்தக் கருவியின் கண்ணுக்கு ஏறத்தாழ 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் சரியாகத் தெரிவதில்லை. மெல்லத் தேயும் பம்பைப் பற்றி நன்றாகப் பேசும்; துண்டு துண்டாக உதிரும் பம்பைப் பற்றி மௌனம் காத்துவிடும். அந்த இடைவெளியை நிரப்ப 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சியின் ஆதரவோடு வெர்னான் வெஸ்காட் ஃபெரோகிராஃபி முறையைக் கொண்டுவந்தார். சாய்ந்த கண்ணாடித் தகட்டின் மேல், காந்தப் புலத்தில் எண்ணெயை வழியவிட்டால் இரும்புத் துகள்கள் அளவு வாரியாகப் படியும். நுண்ணோக்கியில் பார்த்தால் அவற்றின் உருவமே பேசும்: மெல்லிய செதில் என்றால் வழக்கமான உராய்வு, கடைசல் எந்திரத்தில் உதிரும் சுருளைப் போன்ற நீண்ட இழை என்றால் கடினத் துகள் ஒன்று பரப்பைச் செதுக்கியிருக்கிறது, பொடி உருண்டைகள் என்றால் உருளைத் தாங்கியில் களைப்பு விரிசல் ஓடிக்கொண்டிருக்கலாம். 1976-இல் இந்த உருவங்களுக்கெல்லாம் ஒரு படத் தொகுப்பே வெளிவந்தது. எல்லா முறைகளிலும் காரணத்துக்கு மிக அருகில் சென்றது இதுவே என்பது என் மதிப்பீடு. ஆனால் காந்தத்துக்கு வெண்கலம் சரிவரப் பிடிபடாது, படத்தைப் படிக்கத் தேர்ந்த கண் வேண்டும். வெண்கலம் நிறைந்த பிஸ்டன் பம்புகளின் உலகத்தில் முதல் குறை சிறியதல்ல.

இதனிடையே ஹைட்ராலிக் அமைப்பு தன் கடைசி மறைப்பைச் செய்துமுடித்திருந்தது. எஞ்சின்களில் எண்ணெய் நாள்கணக்கில் அழுக்கைச் சுமந்து திரியும். அதனால்தான் அங்கே எண்ணெய்ச் சோதனை செழித்தது. ஹைட்ராலிக்ஸில் ஃபில்டர்கள் நுணுகிக்கொண்டே வந்தன. சில மைக்ரான் துகளையும் சுற்றுக்குச் சுற்று பிடித்துவிடும் ஃபில்டர், தேய்மானத்தின் சாட்சியங்களையும் சேர்த்தே பிடித்துவிடுகிறது. எண்ணெய் மாதிரியில் உலோகம் குறைவு என்றால் பம்ப் நலம் என்றும் பொருள் கொள்ளலாம், ஃபில்டர் நலம் என்றும் பொருள் கொள்ளலாம். இந்த நிலையில் அளப்பவர்கள் செய்த காரியம் துணிச்சலானது. விளைவைத் தேடுவதைக் குறைத்துக்கொண்டு காரணத்தையே எண்ணத் தொடங்கினார்கள். விமானத் துறையின் என்ஏஎஸ் 1638 தரம் 1964-இல் வந்தது. 100 மில்லிலிட்டரில் எத்தனை துகள்கள் என்று அளவு வாரியாக வகுத்த அது, ஹைட்ராலிக் பாகங்கள் எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது, தேய்மானத்தை அறிவதற்காக அல்ல. இன்று உலகெங்கும் புழங்கும் ஐஎஸ்ஓ 4406 குறியீடு அதே சிந்தனையின் வாரிசு. 18/16/13 என்று எழுதினால் ஒரு மில்லிலிட்டரில் 4 மைக்ரானைத் தாண்டியவை 1300-க்கும் 2500-க்கும் இடையே, 6 மைக்ரானைத் தாண்டியவை 320-க்கும் 640-க்கும் இடையே, 14 மைக்ரானைத் தாண்டியவை 40-க்கும் 80-க்கும் இடையே. எண் ஒன்று கூடினால் துகள் இருமடங்கு.

தூசியை எண்ணுவது தேய்மானத்தை அளப்பதாகுமா? ஆகாது என்பவர்களின் ஐயம் நியாயமானது, அதிலும் இந்த எண்களை அதிகம் உயர்த்திப் பிடிப்பவர்களில் ஃபில்டர் விற்பவர்கள் பலர் இருக்கும்போது. இரண்டு சான்றுகள் அந்த ஐயத்துக்குப் பதில் தருகின்றன. ஒன்று, ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எர்னஸ்ட் ஃபிட்ச் குழுவினர் வகுத்த சோதனை. ஓடும் பம்புக்கு, அளவு வரம்பிட்ட தூசியை லிட்டருக்கு 300 மில்லிகிராம் வீதம் அரைமணி நேரம் ஊட்டினார்கள். முதலில் 5 மைக்ரான் வரை உள்ள தூசி, பிறகு 10 வரை, 20 வரை, இப்படியே 80 வரை. ஒவ்வொரு முறைக்குப் பின்னும் பம்ப் தள்ளும் எண்ணெய் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தார்கள். எந்த அளவுத் தூசி எந்தப் பம்பைக் கெடுக்கும் என்ற அட்டவணை இப்படித்தான் பிறந்தது. இதில் கவனிக்க வேண்டியது, தூசியின் தீங்கை அவர்கள் எதைக்கொண்டு அளந்தார்கள் என்பது: பம்பின் வெளியீடு குறைந்ததைக்கொண்டு. வேறு வகையில் சொன்னால், கசிவைக்கொண்டு. மற்றொன்று, 1980-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் வேலையிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஹைட்ராலிக் இயந்திரங்களைத் தொடர்ந்து கவனித்த கள ஆய்வு. எண்ணெய் சுத்தமாக இருந்த இயந்திரங்கள் பழுதில்லாமல் நெடுநாள் ஓடின என்பது அதன் முடிவு. தூசி எண்ணிக்கைக்குப் பொருள் உண்டு. அந்தப் பொருள் அதற்குச் சொந்தமானதல்ல, கசிவோடு ஒப்பிட்டுப் பார்த்ததால் கிடைத்தது.

அது சொந்தமானதல்ல என்பதற்கு அந்த அளவுகோலின் கதையே சாட்சி. துகள் எண்ணும் கருவிகளை நெடுங்காலம் சரிபார்த்தது ஏசி ஃபைன் டெஸ்ட் டஸ்ட் என்ற பொடியால். ஜெனரல் மோட்டார்ஸின் ஏசி ஸ்பார்க் ப்ளக் பிரிவு அரிசோனா பாலைவனத் தூசியைச் சலித்து விற்றுவந்த சரக்கு அது. முதலில் வண்டிகளின் காற்று ஃபில்டரைச் சோதிக்கவே தேவைப்பட்டது. ஆக உலகத்தின் எண்ணெய்ச் சுத்தம் முழுவதும் அரிசோனா மண்ணை வைத்து நிறுக்கப்பட்டது. 1992-இல் அந்தத் தயாரிப்பு நின்றதும் புதிய பொடியைத் தேடவேண்டியதாயிற்று. அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம் மின்னணு நுண்ணோக்கியால் அளந்து சான்றளித்த மாதிரியைத் தந்தபோது, பழைய கணக்கு எவ்வளவு கோணலானது என்று தெரிந்தது. முன்பு துகளின் நீண்ட பக்கத்தை அதன் அளவாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அதன் பரப்புக்கு இணையான வட்டத்தின் விட்டம். பழைய 5 மைக்ரான் புதிய கணக்கில் 6-ஐத் தாண்டியது. பழைய 15 ஏறத்தாழ 14 ஆயிற்று. 1999-இல் ஐஎஸ்ஓ குழு 5, 15 என்ற கோடுகளை 6, 14 என்று நகர்த்தியது. கருவியின் வாசிப்பு மாறினாலும் எழுதும் குறியீடு மாறாமலிருக்க இது ஏற்பாடு. பல ஆண்டுகள் கழித்துச் சரிபார்ப்பு மாதிரியின் இருப்பு தீர்ந்து புதுத் தொகுதி வந்ததும், அதே எண்ணெயில் எண்ணிக்கை கூடிக்காட்டியது. 2016-ஆம் ஆண்டு திருத்தம் புதிய அளவை 0.898-ஆல் பெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரச் சொன்னது. இதற்கிடையே எந்த எண்ணெயும் மாறவில்லை, எந்தப் பம்பும் கூடுதலாகத் தேயவில்லை. தண்ணீர்த் துளியையும் காற்றுக் குமிழியையும்கூடத் தூசியாக எண்ணிவிடும் கருவிக்கு இவ்வளவு பாடு.

தூசியே காரணம் என்ற நம்பிக்கை தோற்ற இடமும் உண்டு. 1960-களில் ஜெட் பயணிகள் விமானங்களில் சர்வோ வால்வுகளின் விளிம்புகள் அரிக்கப்பட்டன. அந்த விமானங்களில் ஓடியது தீப்பிடிக்க எளிதில் இடங்கொடாத பாஸ்பேட் எஸ்டர் திரவம். வால்வுகளின் உட்கசிவு ஏறியதால்தான் கேடு வெளிப்பட்டது. தூசி செதுக்குகிறதா, குமிழிகள் வெடித்து அரிக்கின்றனவா என்று முதலில் சந்தேகம் போயிற்று. போயிங்கில் டி. ஆர். பெக்கும் உடன் பணியாற்றியவர்களும் 1970-இல் வெளியிட்ட ஆய்வு வேறு குற்றவாளியைக் காட்டியது. குறுகிய வாய் வழியாகத் திரவம் விரைந்து பாயும்போது, சுவரை ஒட்டியிருக்கும் மின்னூட்டத்தை அது இழுத்துக்கொண்டு போகிறது. அந்த ஓட்டமின்னோட்டம் உலோகத்தை மின்வேதியியல் முறையில் கரைக்கிறது. எவ்வளவு நுண்ணிய ஃபில்டரைப் போட்டாலும் இது நிற்காது. துகள் கணக்கு அப்பழுக்கற்றதாக இருக்கும்போதே விளிம்பு போய்க்கொண்டிருக்கும். கரைந்த உலோகமும் மிகச் சொற்பம் என்பதால் தராசுக்கும் வேலையில்லை. திரவத்தின் மின்கடத்தும் திறனை உயர்த்துவதே மருந்தாயிற்று. அதற்கான சேர்மங்கள் திரவத்தின் கலவையில் இடம்பெற்றன, கடத்துதிறனுக்குத் தரவிதிகளில் வரம்பு வந்தது. விமான ஹைட்ராலிக் திரவத்தின் மாதிரியில் துகள் எண்ணிக்கையோடு நீர், அமில எண், குளோரின், மின்கடத்தும் திறன் ஆகியவற்றையும் ஆய்வகங்கள் இன்று பார்க்கின்றன. அவை நல்லபடியாக வந்தாலும் பழுதுபார்ப்புப் பெஞ்சில் ஏற்றப்படும் சர்வோ வால்வு, நடுநிலையில் நிறுத்தி எவ்வளவு எண்ணெய் கசிகிறது என்று அளந்து பார்க்கப்பட்ட பிறகே விமானத்துக்குத் திரும்புகிறது.